எதுக்கு என்று கேட்காத மூன்று மாதம்

வேலையை விட்டுப் போகிறவர் புதிதாக வருகிறவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். நம் கடைச் சாவி முதலாளி அக்காவின் இடுப்பிலேயே இருக்கிறது. அதை யாரிடமும் தரமாட்டார். விட்டுப்போக என்னிடம் இருப்பதெல்லாம் ஆறு வருடத்தில் செய்த தவறுகள்தான். இப்படி எழுதிவைப்பது ஓய்வுபெற்றவர்கள் செய்கிற வேலை. எனக்கு இருபத்தேழு வயது. இருந்தாலும் வரும் வெள்ளிக்கிழமையோடு இந்தத் தூண்டில் கடையிலிருந்து எனக்கு ஓய்வு என்பதால், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன்.

எந்த மீனுக்கு எந்த முள், எந்த ரீலுக்கு எத்தனை மீட்டர் நைலான் நரம்பு என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இருக்கிறது. பத்து நாளில் மனப்பாடம் ஆகிவிடும். நான் சொல்ல வருவது அந்த அட்டவணையில் இல்லை. நான் விற்ற நூலில் ஒரு நட்சத்திரம், பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் தலைக்கு மேலே தொங்கியது. அது எப்படி அங்கே போனது என்று சொல்ல, முதலில் ஒரு பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும் வரை என்று இங்கே வந்தேன். அன்றிலிருந்து அக்கா என்னைக் கூப்பிடுவது 'மெக்கானிக்கு' என்றுதான். நான் சேர்ந்த வருடமே புதுச்சேரிப் பக்கம் பெரிய விளையாட்டுப் பொருள் கடை ஒன்று திறந்தார்கள். அங்கே ஒரு சுவர் முழுக்கத் தூண்டில் ராடு. நம்மிடம் பதினொன்று. இது போதாதென்று போன். ராடு வாங்க நினைப்பவர்கள் வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி நம் கடைக்கு வருவார்கள். ராடை வளைத்துப் பார்ப்பார்கள், ரீலைச் சுற்றிக் காதருகே வைத்துச் சத்தம் கேட்பார்கள், எது நல்லது என்று அக்காவிடம் விசாரிப்பார்கள். பிறகு வாசலில் நின்றபடியே அதைப் போனில் வாங்குவார்கள். நாலு நாள் கழித்து அட்டைப்பெட்டியோடு வந்து, கொஞ்சம் நரம்பு சுற்றிக் கொடுங்கள் என்பார்கள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. 'வெளியில் வாங்கிய ரீலுக்கு இங்கே நரம்பு சுற்றித் தரப்படாது' என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினேன். அக்கா படித்துவிட்டு உள்ளே போனார். மூன்று வாரம் தொங்கியது. ஒரு நாள் காலை, இரவு வேலை முடித்துவந்த நர்ஸ் ஒருவர் கையில் ஆன்லைன் பெட்டியோடு வந்தார். பலகையைப் படித்தார். பெட்டியைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பி நடந்தார். அக்கா எழுந்து தெருவுக்கே போய் அவரைக் கூட்டிவந்தார். அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய ரீல். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அக்கா கைப்பிடியை மாற்றி, நரம்பு சுற்றி, அப்பா எங்கே உட்கார்ந்து பிடிப்பார் என்று கேட்டு, அந்தத் தண்ணீருக்கு ஏற்ற முள்ளும் தக்கையும் எடுத்துக் கொடுத்தார். அவர் போனதும் பலகையைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் 'மண்புழு கிடைக்கும்' என்று எழுதி மாட்டினார்.

"ரீலு அஞ்சு வருசத்துக்கு ஒண்ணு வாங்குவான். முள்ளு வாராவாரம் வாங்குவான். இதுல நீ யாரத் தொரத்தற?" என்றார்.

அந்தப் பலகை இன்றும் அங்கேயே இருக்கிறது. காற்றில் திரும்பினால் என் எழுத்தைப் படிக்கலாம்.

பலகை தோற்றதும் வேறு வழியில் யோசித்தேன். ஆன்லைனைத் தடுக்க முடியாது. அதைப் போல வேகமாகிவிடலாம் என்று பட்டது. நம் கடையில் எதனால் நேரம் போகிறது என்று மூன்று நாள் போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். பதில் எளிது. அக்காவால்தான் போகிறது. யார் வந்து எதைக் கேட்டாலும் அவர் முதலில் கேட்பது "எதுக்கு?" என்பதுதான். பாகூர் ஏரிக்கா, சங்கராபரணித் தடுப்பணைக்கா, சுண்ணாம்பாற்று உப்புத் தண்ணீருக்கா, பாசி மண்டியிருக்கிறதா, விராலா ஜிலேபியா, கரையில் நின்றா பாலத்தின் மேலிருந்தா. இப்படிக் கேட்டு முடித்து, வந்தவர் கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுப்பார். பத்து ரூபாய் முள்ளுக்குப் பத்து நிமிடம். பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் ஒரு சீட்டு தயார் செய்தேன். பொருள், எண், நிறம், எத்தனை என்று கட்டங்கள். வருகிறவர் டிக் செய்து நீட்ட வேண்டும், நாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதே சீட்டு வாட்ஸப்பிலும் போகும். அக்டோபரில் தொடங்கினோம். சனி, ஞாயிறுகளில் கூட்டம் நிற்காமல் நகர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"பேசாமக் குடுக்கறதுக்கு நான் எதுக்குடி? ஒரு மிஷினு வாங்கி வெச்சிக்க" என்று ஒரு நாள் சொன்னார். அதைக் கோபம் என்று நினைத்தேன். தகவல் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நவம்பர் கடைசியில் பிரெய்டு தீர்ந்துபோனது. பிரெய்டு என்றால் பல இழைகளைப் பின்னிச் செய்த நூல். தையல் நூல் அளவுக்கு மெல்லியது, ஆனால் பெரிய விராலைப் பாசிக்குள்ளிருந்து இழுத்துவரும். மொத்த வியாபாரி அடுத்த வாரம் என்றார். அதே நாளில் ஆன்லைனில் ஒரு தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரி எங்களுக்குத் தரும் விலையைவிடக் குறைவு. நாற்பது பவுண்டு, அதாவது பதினெட்டு கிலோ வரை தாங்கும் என்று போட்டிருந்தது. பன்னிரண்டு உருளை வாங்கினேன். பச்சை ஆறு, வெள்ளை ஆறு. நம்மை ஒழிக்கிறது என்று நாம் திட்டுகிற இடத்திலேயே வாங்கி நம் கடையில் விற்பது எல்லாச் சின்னக் கடைகளும் சத்தமில்லாமல் செய்வதுதான். அது தவறு என்று நான் சொல்லவில்லை. புது இடத்திலிருந்து வந்த சரக்கை இழுத்துப் பார்க்காமல் அடுக்கியதுதான் தவறு. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான்.

முதலில் திரும்பி வந்தவர் அரியூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன். ஞாயிறு தவறாமல் மீன் பிடிக்கப் போகிறவர். அறுந்த பச்சை நூலைச் சுருட்டிக்கொண்டு வந்து கல்லாவின் மேல் வைத்தார். விரால் தண்ணீருக்கு மேலே வந்து தன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனதாகச் சொன்னார். நான் நூலின் முனையைப் பார்த்தேன். முடிச்சு போட்ட இடத்துக்கு அருகில் அறுந்திருந்தது.

"முடிச்சு சரியாப் போடலண்ணே" என்றேன்.

என் வயது அளவுக்கு அவர் தூண்டில் முடிச்சு போட்டிருக்கிறார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். முள் வாங்காமல் போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அக்கா தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "அரியூர் ஆட்டோ எதிர்ல நின்னு ஆளு ஏத்திக்கினு போவுது. ஆளு எறங்கி இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல. அந்த ஆளுக்கு இன்னாடி சொன்ன?"

சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. மீன் எடைபோடும் தொங்கு தராசை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார்.

முடிச்சின் மேல் பழி போட முடியாதபடி நூலை ஜன்னல் கம்பியில் பத்துச் சுற்று சுற்றினேன். மறுமுனையைத் தராசின் கொக்கியில் அதேபோலச் சுற்றி, மெதுவாக இழுத்தேன். எட்டு கிலோவில் அறுந்தது. இன்னொரு உருளை. எட்டு. வெள்ளை நூலில் ஒன்று. எட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஐந்தாவது தடவைக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். உருளையின் மேல் பதினெட்டு என்று அழகாக அச்சடித்திருந்தது.

ஆறு உருளை விற்றிருந்தோம். உட்கார்ந்து பட்டியல் போட்டேன். மூன்று வாட்ஸப்பில் போனவை; மூவரையும் கூப்பிட்டு, பயன்படுத்த வேண்டாம், திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றேன். ஒன்று ஆட்டோ அண்ணனுடையது. மீதி இரண்டு கடையில் நேராக விற்றவை, இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே சீட்டில். சீட்டைத் தேடி எடுத்தேன். 'பிரெய்டு 40, வெள்ளை, 2.' வேறு எந்தக் கட்டத்திலும் டிக் இல்லை. என் சீட்டில் பெயருக்கு இடமில்லை, அது நேரத்தை வீணாக்கும் என்று நான்தான் எடுத்திருந்தேன். நமக்குச் சரக்கை விற்ற ஆன்லைன்காரருக்கு என் பெயர், கதவு எண், போன் எண் எல்லாம் தெரியும். என் கையால் நூலை வாங்கிப்போன மனிதர் யார் என்று எனக்குத் தெரியாது. முகம்கூட நினைவில்லை. சீட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

அக்கா சீட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"முள்ளு வாங்கல. ஈயம் வாங்கல. மீனு புடிக்கறவன் எவனாவது வெள்ளை நூலாப் பாத்துக் கேப்பானா? தண்ணிக்குள்ள பளிச்சுனு தெரியும்." சீட்டை வெளிச்சத்தில் சாய்த்தார். "இது இன்னாடி மினுக்குது?"

சீட்டின் ஓரத்தில் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. ஜிகினா. கட்டைவிரல் பட்ட இடத்தில் தெளிவாக, ரேகையோடு.

டிசம்பர் மாதத்தில், கையில் ஜிகினாவோடு, மெல்லிய வெள்ளை நூலை இரண்டு உருளை, முந்நூறு மீட்டர், வாங்குகிறவர் எதற்கு வாங்குவார் என்று அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, கிறிஸ்துமஸ் ஜோடனைக்குத்தான். வில்லியனூரைச் சுற்றி எத்தனையோ ஊர்களில் மாதா கோயில் இருக்கிறது. எந்தக் கோயில் என்பதுதான் கேள்வி. ஏதோ ஒன்றில் கனமான எதையோ, எட்டு கிலோவுக்கு அறுகிற நூலில், மேலே கட்டியிருக்கிறார்கள்.

ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டேன். முதலில் மன்னிப்பு கேட்டேன். முடிச்சு சரி, நூல்தான் தப்பு என்றேன். பரவாயில்லம்மா என்றார். வேறு கடைக்கெல்லாம் போகவில்லை, முள்ளைப் போனிலேயே வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னாபா, நாலு பொம்பளைங்க பேசறது உன் ஆட்டோலதான் ஓடும். கிறிஸ்துமஸுக்கு எந்தக் கோயில்ல பெருசா ஸ்டாரு கட்றாங்க?"

அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்தாறு பிள்ளைகளை அன்று காலைதான் பாட்டு ஒத்திகைக்கு இறக்கிவிட்டிருந்தார். இந்த வருடம் ஸ்டார், கோயிலின் பின்மாடத்திலிருந்து கிளம்பி, ஆட்கள் தலைக்கு மேலாகவே நகர்ந்துபோய், பீடத்துப் பக்கத்தில் இருக்கும் கிறிஸ்துமஸ் குடிலின் மேல் நிற்கப்போகிறது என்று பிள்ளைகள் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார்களாம். சாயந்திரம் அதற்கும் ஒத்திகை. கடையை அடைத்தோம். சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அக்கா கடையை அடைத்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆட்டோ அண்ணன் எதிரில் வந்து நின்றார்.

வழியில் எனக்கு இன்னொரு பயம் வந்தது. அதுவரை நட்சத்திரம் நூலில் தொங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நகர்கிறது என்றால் நூல்தான் பாதை. துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். நன்றாக இறுக்கிக் கட்டிய கொடியின் நடுவில் ஈரப் போர்வையைப் போட்டால் போர்வையின் கனத்தைப் போலப் பல மடங்கு இழுவிசை கயிற்றின் மேல் வரும். கயிறு எவ்வளவு இறுக்கமோ, இழுவிசை அவ்வளவு அதிகம். நட்சத்திரம் தொய்வில்லாமல் போக வேண்டும் என்று அவர்கள் நிச்சயம் இறுக்கித்தான் கட்டியிருப்பார்கள்.

நீளமான கோயில். பின்மாடத்துக் கைப்பிடியிலிருந்து பீடத்துப் பக்கத் தூண் வரைக்கும் இருபது மீட்டராவது இருக்கும். நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் அதை வாங்கியிருக்கிறார்கள். நடுவில், எதிலும் தொங்காதது போல, மூங்கில் சிம்பும் வெள்ளித்தாளுமாக ஓர் ஆள் அகலத்துக்கு நட்சத்திரம். அதன் அடியில் இருபது பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் ஒரு இளைஞர், நட்சத்திரத்துக்குள் பல்பு மாலையைப் பொருத்திக்கொண்டிருந்தார். பேட்டரி கீழே பெஞ்சில் இருந்தது, இன்னும் ஏற்றவில்லை. சிஸ்டர் ஒருவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால் பிள்ளைகள் மிரண்டு ஏணியைத் தட்டியிருப்பார்கள். அக்கா நேராக நடந்துபோய் பிள்ளைகள் முன்னால் நின்றார். தனக்கு ஒரு காது கேட்காது என்றும், வெளியில் வேப்பமரத்தடியில் வந்து பாடினால் நன்றாகக் கேட்கும் என்றும் சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, பிள்ளைகளை வரிசையாக வெளியே அழைத்துப்போனார். அதன் பிறகுதான் நான் ஏணிக்கு அருகில் போனேன். அவசரத்தில் முதலில் செய்ய வேண்டியது ஆட்களை நகர்த்துவது, விளக்கம் அப்புறம். அதை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

அந்த இளைஞர் பெயர் அந்தோணி. தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் இறங்கவில்லை. நாற்பது பவுண்டு என்று உருளையிலேயே போட்டிருக்கிறதே என்றார். அதுவும் இரட்டையாகக் கட்டியிருக்கிறோம், காலையில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்றார். பல்பும் பேட்டரியும் இல்லாத வெறும் கூடுதானே அப்போது என்றேன். அவர் ஒரு பல்பைத் திருகினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"போன வருஷம் இது பாதி வழியில நின்னுடுச்சுக்கா. பூசை முடியற வரைக்கும் அங்கயே தொங்குச்சு. இன்னிக்கும் ஊர்ல என்னப் பாத்தா, 'ஸ்டாரு வந்துடுச்சா'ன்னுதான் கேக்கறாங்க. எங்க வூட்ல எங்கம்மாவே கேக்குது. இத்தக் கழட்டச் சொல்லாதீங்க."

அவரிடம் கணக்கு சொல்லிப் பயனில்லை. ஒரு வாளியும் குவளையும் கேட்டேன். நட்சத்திரத்தைக் கொஞ்ச நேரத்துக்கு இறக்கிவிட்டு, அதே கப்பியில் வாளியை மாட்டி, அதே பாதையில் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவோம்; நட்சத்திரத்தின் முழுக் கனம் வரும் வரை தண்ணீர் ஊற்றுவோம்; தாங்கினால் நான் மன்னிப்பு கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். ஃபிட்டர் என்பதால் அது அவருக்குச் சரியாகப் பட்டது. பேட்டரியையும் சேர்த்து நட்சத்திரத்தை, நான் கடையிலிருந்து கையோடு கொண்டுவந்த தராசில் தூக்கிப் பார்த்தோம். ஐந்து கிலோ. குவளை ஒரு லிட்டர்.

அந்தோணியே ஏணியில் நின்று ஊற்றினார். ஒன்று. வாளி லேசாக இறங்கியது. இரண்டு. மேலே பின்மாடத்தில் நூல் கட்டிய கைப்பிடி முனகியது. மூன்றாவது குவளை பாதியில் இருக்கும்போது ஒரு நூல் போனது. சத்தம் சவுக்கு சுண்டியது போல இருந்தது. அடுத்த நொடி மற்றதும். வாளி விழுந்து தரையில் உருண்டது. தண்ணீர், பிள்ளைகள் நின்ற இரண்டு வரிசையின் இடத்திலும் பரவியது. வெளியில் அவர்கள் பாடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தோணி ஏணியிலேயே நின்றார். குவளையைப் பிடித்தபடியே என்னிடம் கேட்டார்.

"நல்ல நூலா இருந்திருந்தா தாங்கியிருக்குமாக்கா?"

உங்கள் இருவருக்கும் நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். தாங்கியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். பொய் லேபிள் ஒட்டிய எவனோ ஒருவன் மேல் எல்லாம் போயிருக்கும். நம் கடை ஏமாற்றப்பட்ட கடையாகவும் நான் நேர்மையாகத் தேடிவந்து காப்பாற்றியவளாகவும் வீட்டுக்குப் போயிருப்போம். நட்சத்திரத்தை எடைபோட்டபோதே அந்தக் கணக்கை மனதில் போட்டிருந்தேன். அவ்வளவு இறுக்கமாகக் கட்டிய இருபது மீட்டர் பாதையில், ஐந்து கிலோவுக்கு, முடிச்சில் குறையும் வலுவையும் சேர்த்தால், உண்மையான நாற்பது பவுண்டு நூலும் அறுகிற விளிம்பில்தான் நின்றிருக்கும், நட்சத்திரம் ஆடினால் அதுவும் போதாது. அது நீரில் மீனை இழுக்கச் செய்தது. ஆட்கள் தலைக்கு மேலே எதையும் ஓட்டச் செய்ததல்ல. அவர் கடைக்கு வந்த அன்று "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நல்ல நூலோ கெட்ட நூலோ, அதை அவருக்கு விற்றிருக்கவே மாட்டோம்.

"இல்ல. நல்ல நூலா இருந்தாலும் இதுக்கு நான் குடுத்திருக்கக் கூடாது. எதுக்குன்னு உங்களக் கேக்கல" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நானும் சொல்லலியே" என்றார். பிறகு இருவரும் துடைப்பம் தேடினோம்.

அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு குறைவு. கேபிள் டிவிக்காரர்கள் தெருவுக்குத் தெரு இழுக்கும் இரும்புக் கம்பி போதும் என்றேன். எவ்வளவு தொய்வு விட வேண்டும் என்று தூணில் சாக்பீஸால் குறித்துக் கொடுத்தேன். ஆட்டோ அண்ணன் போய்க் கம்பியைக் கொண்டுவந்தார். கம்பி கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் அந்தோணியின் கவலை. தெரியட்டும்பா, எல்லாரும் ஸ்டாரைத்தான் பார்ப்பார்கள் என்று அக்கா சொல்லிவிட்டார். சிஸ்டரிடம் திரும்பிப் போய்க் காது நன்றாகவே கேட்கும் என்று ஒப்புக்கொண்டதும் அக்காதான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆட்டோ அண்ணன் கடைக்கு வந்தார். நட்சத்திரம் வந்துவிட்டதாகச் சொன்னார். "ஆடிக்கினே வந்துச்சு. நடுவுல ஒரு தபா நிக்கற மாதிரி வேற பயமுறுத்துச்சு. ஆனா வந்துடுச்சும்மா." பிறகு ஆறாம் எண் முள் ஒரு பாக்கெட் கேட்டார். அக்கா, இப்போதெல்லாம் போனில்தானே வாங்குகிறாய் என்று கேட்டார். அதற்கு அவர், போனில் வந்த முள்ளை மீன்கள் பரிசாக நினைத்து வாங்கிக்கொண்டு போகின்றன என்றார்.

அந்த நூலை விற்றவருக்குப் புகார் எழுதினேன். சில நிமிடங்களில் பணம் திரும்பி வந்தது. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதைத்தான் அவர்கள் விளம்பரத்திலும் பெருமையாகப் போடுகிறார்கள். என் பணத்தைப் பொறுத்தவரை அது நல்ல பழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்ன ஆயிற்று, எங்கே கட்டியிருந்தீர்கள், யாருக்காவது அடிபட்டதா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அடுத்த வாரம் பார்த்தபோதும் அந்த நூல் அதே படத்தோடு, அதே பதினெட்டு கிலோவோடு விற்பனையில் இருந்தது. என் புகாரைக் கீழே பல நூறு பாராட்டுகளுக்கு நடுவில் தேடித்தான் படிக்க வேண்டும்.

சீட்டை நான் கைவிடவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அது வேண்டும். முதல் கட்டத்தை மட்டும் மாற்றினேன். இப்போது அங்கே 'எதுக்கு?' என்று இருக்கிறது; அதை அவர்கள் எழுதக்கூடாது, நாம் கேட்டு நாம் எழுத வேண்டும். இதுவரை எழுதிய பதில்களைப் பாருங்கள், ஃபைலில் இருக்கின்றன. முல்லைப் பூ கட்ட. வயலில் குருவி வராமலிருக்கக் குறுக்கே கட்ட. கொத்தனார் சுவர் மட்டம் பார்க்க. கல்யாண மேடையில் பூப்பந்து தொங்கவிட. அதற்கு எத்தனை கிலோ, யார் தலைக்கு மேலே என்று மேலும் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறேன். ஒரு முறை ஆன்லைன் பெட்டிகளைக் கொண்டுவரும் டெலிவரி தம்பியே, வண்டியில் பெட்டி சரியாமல் கட்ட நரம்பு வாங்கிப்போனார். அவருக்கு அக்கா முடிச்சும் போட்டுக் கொடுத்தார். பெரிய கடையோடும் போனோடும் நாம் விலையில் போட்டி போட முடியாது, சரக்கிலும் முடியாது. அவர்களிடம் கேட்க ஆள் இல்லை, நம்மிடம் உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான். அதையும் நானே மூன்று மாதம் நிறுத்திவைத்திருந்தேன்.

மீதமிருந்த ஆறு உருளைகளும் கடையில்தான் இருக்கின்றன. ராடுகளைக் கட்டிவைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் சேரப்போவது ஒரு பரிசோதனைக் கூடம். கம்பியும் கயிறும் எத்தனை கிலோவில் அறுகின்றன என்று இழுத்துப் பார்ப்பதுதான் அங்கே வேலை. அக்கா கேட்டுவிட்டு, அதை இங்கேயே ஜன்னல் கம்பியில் செய்திருக்கலாமே என்றார். போகலாமா என்று எனக்கு நேற்று முன்தினம் வரை ஒரு தயக்கம் இருந்தது.

நேற்று முன்தினம் காலை உங்களில் ஒருவர் ஒரு பெண்ணுக்கு முப்பது மீட்டர் தடித்த நரம்பு வெட்டிக் கொடுத்தீர்கள். கூட்டம் அதிகம். எதுக்கு என்று கேட்கவில்லை. நான் கவனித்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் ரோட்டைக் கடந்து ரயில்வே கேட் பக்கம் போய்விட்டார். நீங்கள் அடுத்தவருக்கு ஈயம் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நாலு எண்ணி நிறுத்தினீர்கள். ஈயத்தை அப்படியே கல்லாவில் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் கேட் வரைக்கும் ஓடினீர்கள். அக்கா விசிறுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தீர்கள்.

"கொசுவலை கட்டக்கா" என்றீர்கள்.

அக்கா என் பக்கம் திரும்பி, "நீ போடி" என்றார்.